கதவைத் திறந்தாலும் வெளியே வராத கோழி

கொட்டகையின் பக்கக் கதவைத் திறந்துவிட்டால் கோழிகள் ஓடிவந்து புல்லில் மேயும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கு நடத்தை அறிஞர் மரியன் டாக்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், கறிக்கோழிகளைத் திறந்தவெளி முறையில் வளர்க்கும் பிரிட்டிஷ் பண்ணைகளுக்குப் போய் இதைக் கணக்கெடுத்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பகலில் எந்த வேளையில் எண்ணினாலும் மந்தையில் 15 விழுக்காட்டுக்கும் குறைவான கோழிகளே வெளியே நின்றன. மற்றவை கதவு திறந்திருக்க, உள்ளேயே கிடந்தன. வெளியே வந்தவையும் வெட்டவெளிப் புல்லில் நிற்கவில்லை. மரம் இருந்த பக்கமாக ஒதுங்கின. மரம் கூடுதலாக இருந்த பண்ணையில் வெளியே வந்த கோழிகளும் கூடுதல்.

ஒன்றிரண்டு ஏக்கர் தோப்பில் கறிக்கோழி மேயவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் வேலிக்கும் வலைக்கும் செலவுக் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் போட வேண்டியது கோழியின் உடம்பைப் பற்றிய கணக்கு. எந்தக் கோழியை வாங்கி விடுகிறோம் என்பதிலேயே அது மேயுமா, மேயாதா என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கறிக்கோழி வம்சம் ஒன்றையும் 1978-ஆம் ஆண்டு வம்சம் ஒன்றையும் மேற்கொண்டு எந்தத் தேர்வும் செய்யாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றோடு 2005-ஆம் ஆண்டின் ராஸ் 308 என்ற வணிகக் கோழியையும் சேர்த்து, ஒரே தீனி கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாள் தராசில் வைத்தபோது 1957-இன் கோழி 905 கிராம், 1978-இன் கோழி 1,808 கிராம், 2005-இன் கோழி 4,202 கிராம். தீனி ஒன்று, வளர்ப்பு ஒன்று. மாறியது மரபணு மட்டுமே. பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் கொழுக்க வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் நம்புவதற்கு இந்தச் சோதனை நேரடியான மறுப்பு. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் செரித்துப்போகும். ஐயாயிரம் கோழி உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது நடக்கிற காரியமும் இல்லை. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்கைப் பற்றி. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழித் தீனியில் கலப்பதை இந்தியா 2019-இல்தான் தடை செய்தது.

இந்தக் கொழுத்த கோழியின் குடும்ப மரத்தில் நம் நாட்டுச் சண்டைக்கோழியும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், இந்தியாவிலிருந்து போன அசில் கோழியை வேறு இனங்களோடு கலந்து அகன்ற நெஞ்சுள்ள கார்னிஷ் இனத்தை உருவாக்கினார்கள். 1940-களில் அமெரிக்காவில் 'நாளையக் கோழி' என்று ஒரு போட்டி வைத்தார்கள். நெஞ்சுக்கறி அதிகமுள்ள கோழியை யார் உருவாக்குகிறார்கள் என்பதுதான் போட்டி. 1948-இன் தேசியச் சுற்றில் வென்றவர் கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ். அவர் கொண்டுவந்தது கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷையரையும் கலந்த கோழி. இன்று உலகெங்கும் வெள்ளை இறகோடு வளரும் பிராய்லரின் தந்தை வழியில் கார்னிஷ் ரத்தம் ஓடுகிறது. கால் தரையில் நிற்காமல் பாய்ந்து சண்டையிடும் அசிலின் வாரிசு, எழுந்து நடக்க யோசிக்கும் பறவையாக மாறியது மனிதத் தேர்வின் விந்தைதான்.

நடக்க யோசிக்கிறது என்பது வெறும் பேச்சல்ல. பிரிட்டனில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல நிலையில் இருந்த பிராய்லர்களே தம் நேரத்தில் 76 விழுக்காட்டைப் படுத்துக் கழித்தன; கால் நொண்டியவை 86 விழுக்காடு. எலும்பு முதிரும் முன்பே தசை கூடிவிடுவதால் உடலின் முன்பாரம் மிகுந்து நடை தள்ளாடுகிறது. அதோடு வேகமாக வளரும் உடல் உள்ளுக்குள் நிறையச் சூட்டை உண்டாக்குகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற முடியும். ஏப்ரல், மே மாதத்து வெயிலில் பிராய்லரைத் தோட்டத்தில் விட்டால் அது மேயாது. நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கையை விரித்துப் படுத்து இளைத்துக்கொண்டிருக்கும். வெப்ப அலை வந்தால் செத்தும் போகும்.

இதே பிராய்லரைப் புல்லில் வளர்த்தே ஆகவேண்டும் என்று நின்ற அமெரிக்க விவசாயி ஒருவர் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஜோயல் சாலட்டின். பத்துக்குப் பன்னிரண்டு அடியில், இரண்டடி உயரத்தில், அடிப்பக்கம் திறந்த கூண்டு செய்து அதில் சுமார் 75 கோழிகளை விடுவார். தினமும் காலையில் கூண்டை ஒரு கூண்டளவு நகர்த்திப் புதுப்புல்லுக்குக் கொண்டுபோவார். கோழி புல்லைத் தேடிப் போகாது என்று தெரிந்துகொண்டு, கோழியின் காலடிக்குப் புல்லைக் கொண்டுவரும் ஏற்பாடு இது. குளிர்ந்த நாட்டுப் புல்வெளிக்குப் பொருந்தும். நம் வெயிலில் இரண்டடி உயரக் கூண்டு அடுப்பாகிவிடும். தென்னந்தோப்பு நிழலில், கூரையைத் தூக்கிக் கட்டினால் முயலலாம்.

பிரான்ஸ் நாட்டார் வேறு வழியில் போனார்கள். தென்மேற்கு பிரான்ஸின் லாந்து பகுதிக் கோழிதான் 1965-இல் 'லேபல் ரூஜ்' என்னும் சிவப்பு முத்திரையை முதலில் பெற்றது. மெதுவாக வளரும் இனமாக இருக்க வேண்டும், 81 நாளுக்கு முன் அறுக்கக்கூடாது, கொட்டகைக்குள் ஒரு சதுர மீட்டருக்கு 11 கோழிக்கு மேல் கூடாது, வெளியே கோழிக்கு இரண்டு சதுர மீட்டராவது இடம் வேண்டும் என்பவை அந்த முத்திரையின் விதிகள். இவற்றில் முதல் இரண்டும்தான் உயிர்நாடி என்பேன். 81 நாள் வளர்க்க வேண்டும் என்றாலே 42 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டும் கோழியை அதற்கு வைத்துக்கொள்ள முடியாது. தீனியும் கட்டாது, கோழியின் காலும் தாங்காது.

லேபல் ரூஜ் கோழிகளில் பலவற்றுக்குக் கழுத்தில் இறகு இருக்காது. நம் ஊர்ச் சந்தையில் கழுத்தறுப்பான் என்று விற்கும் கோழியில் இருப்பதும் அதே வகைக் குணம். எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மரபணுத் தொடரில் ஓரிடத்தில் ஏதோ ஒரு காலத்தில் ஒரு துண்டு இடம்பெயர்ந்து வந்து ஒட்டிக்கொண்டதால், பி.எம்.பி. 12 என்ற புரதம் தோலில் அளவுக்கு மேல் சுரக்கிறது. அது இறகு முளைப்பதைத் தடுக்கிறது. கழுத்துத் தோல் அதற்கு மிக எளிதில் கட்டுப்படுவதால் கழுத்து மட்டும் மொட்டையாகிறது. உடம்பிலும் இறகு குறைவுதான்: இந்த மரபணு ஒரு பிரதி இருந்தால் மொத்த இறகில் சுமார் 20 விழுக்காடும், இரண்டு இருந்தால் 40 விழுக்காடு வரையும் குறைகிறது. இறகு குறைந்த இடத்தில் சூடு எளிதாக வெளியேறும். பார்க்க அழகில்லாத இந்தக் கோழி வெயிலில் மற்ற கோழிகளைவிட நன்றாகத் தின்று நன்றாக வளர்கிறது. இதை வைத்துக்கொண்டு நாம் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறோம் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

இனி மரத்துக்கு வருவோம். வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து 2020-இல் வந்த ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதியில் வாழும் கிளையினமே வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது என்றது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட எலும்புகளே உறுதியான மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்று 2022-இல் வந்த ஆய்வு சொன்னது. புஞ்சை நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் தேடி வந்த காட்டுப்பறவை மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. நமக்கும் இதில் பங்கு உண்டு. கோழித் தோலின் மஞ்சள் நிறத்துக்கான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

மூங்கில் புதரும் அடர்ந்த செடிகளும் உள்ள காட்டோரத்துப் பறவை செங்காட்டுக்கோழி. பருந்து மேலேயிருந்து வரும், கீரி கீழேயிருந்து வரும். இரண்டுக்கும் கோழி வெவ்வேறு குரல் கொடுக்கிறது. வானத்தில் ஆபத்து என்றால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாத மெல்லிய இழுப்பொலி. தரையில் என்றால் விட்டுவிட்டுக் கத்தும் உரத்த கொக்கரிப்பு. முதல் குரலைக் கேட்ட கோழிகள் மறைவிடத்துக்கு ஓடும் அல்லது பதுங்கும். இரண்டாவதைக் கேட்டால் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கும். 1993-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்த குரலை மட்டும் ஒலிக்கவிட்டு, எந்த விலங்கையும் காட்டாமலே இதை நிரூபித்தார்கள். இப்படிப்பட்ட பறவைக்கு வெட்டவெளி என்பது சுதந்திரமாகத் தெரியாது. ஒளிய இடமில்லாத ஆபத்தாகத்தான் தெரியும். பக்கத்தில் முருங்கையோ அகத்தியோ வேலிக்கிளுவையோ இருந்தால் அதிலிருந்து அடுத்த மறைவு வரை துணிந்து போகும். கொட்டகை வாசலிலிருந்து தொலைவு வரை மறைவுகள் விட்டுவிட்டுத் தொடர வேண்டும். தோட்டத்தின் கடைசியில் ஒரே ஒரு மாமரம் இருந்து பயனில்லை.

கோழி இரை பொறுக்கிக்கொண்டே வானத்தைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தானியத்தையும் கல்லையும் பிரித்தறிய அது பெரும்பாலும் வலக்கண்ணைப் பயன்படுத்துகிறது. மேலே பறப்பதைக் கவனிக்க இடக்கண். இந்த வேலைப் பிரிவினை முட்டைக்குள்ளேயே உருவாகிறது. பொரிப்பதற்கு முந்தைய கடைசி நாள்களில் குஞ்சின் தலை ஒருபக்கமாகத் திரும்பியிருப்பதால் வலக்கண் ஓட்டை நோக்கியும் இடக்கண் உடம்பில் புதைந்தும் இருக்கும். ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் வலக்கண்ணை மட்டும் எட்டுகிறது. லெஸ்லி ரோஜர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட சோதனையில், அந்த வெளிச்சம் பட்டுப் பொரித்த குஞ்சுகள் கற்களுக்கிடையே தானியம் பொறுக்கியபடியே தலைக்கு மேல் நகர்ந்த பருந்து உருவத்தையும் கவனித்தன. இருட்டில் பொரித்த குஞ்சுகளால் இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியவில்லை. பெரிய பொரிப்பகங்களில் முட்டைகள் பெரும்பாலும் இருட்டில்தான் பொரிகின்றன. நூறு முட்டை பொரிக்கும் சின்ன இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் கடைசி மூன்று நாள் உள்ளே ஒரு மங்கலான விளக்கு எரியவிட்டுப் பார்க்கலாம். அதனால் பருந்து தூக்கிப்போவது இத்தனை குறையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கெடுதல் ஒன்றும் இல்லை.

மேய்ந்து என்னதான் கிடைக்கிறது? பாதி காட்டு நிலையில் வாழ்ந்த செங்காட்டுக்கோழிகளைக் கவனித்த டாக்கின்ஸ், அவை விழித்திருக்கும் நேரத்தில் சுமார் 60 விழுக்காடு தரையைக் கொத்துவதிலேயே போகிறது என்று 1989-இல் எழுதினார். அவற்றுக்கு முறையாகத் தீனியும் போடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. தட்டில் தீனி இருந்தாலும் கிளறிப் பொறுக்குவதைக் காட்டுக்கோழி விடாது. அதிக விளைச்சலுக்கென்று தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களில் இந்தக் குணம் குறைந்துவிட்டது.

ஆனால் கொத்துவதெல்லாம் வயிற்றை நிரப்பாது. இலங்கையில் கிராமத்துக் கோழிகளின் தீனிப்பையைத் திறந்து பார்த்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே இருந்ததில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக வீட்டுச் சமையற்கட்டின் மிச்சம்தான். புல்லும் பூச்சிகளும் நெல்லும் மீதிப் பங்கைப் பிரித்துக்கொண்டன. ஊரில் கோழி சும்மா மேய்ந்தே வளர்கிறது என்ற பேச்சில் பாதி, வீட்டுப் பெண்கள் எறியும் சோற்றையும் கழுநீர்ப் பருக்கையையும் கணக்கில் சேர்க்காத பேச்சு. வீட்டுக்குப் பத்துக் கோழி என்றால் இது போதும். இருநூறு விட்டால் முதல் வாரத்திலேயே தோட்டத்துப் புழு பூச்சி தீர்ந்துவிடும். பிறகு மூட்டைத் தீனிதான்.

கோழியால் புல்லின் நாரைச் செரிக்க முடியாது. அதன் அரைவைப்பை கல்லையும் தானியத்தையும் சேர்த்து அரைக்குமே தவிர, செல்லுலோஸை உடைக்கும் நொதி அதற்கு இல்லை. இங்கேதான் நம் கிராமத்தாரின் கரையான் பானை எனக்கு வியப்பாக இருக்கிறது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்டை, ஓலை என்று நிரப்பி, நீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைக்கிறார்கள். மறுநாள் காலையில் பானை முழுக்கக் கரையான். கரையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மரநாரைச் செரித்துத் தருவதால் அது நாரைத் தின்றே புரதமாகிறது. மாட்டின் வயிறு செய்யும் வேலையைக் கோழிக்காகக் கரையான் செய்துவைக்கிறது. பொரித்த முதல் வாரங்களில் குஞ்சுக்குப் புரதம்தான் அதிகம் தேவை. அந்த வயதில்தான் இதைக் கொடுக்கவும் செய்கிறார்கள்.

வெளியே விடுவதற்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் மேய்ச்சலின் பெருமையை மட்டும் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். கோழிகள் வாசலுக்குப் பக்கத்திலேயே சுற்றுவதால் அந்தச் சில மீட்டர் நிலம் புல் இழந்து எச்சம் குவிந்து கிடக்கும். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி எச்சத்தோடு வெளியேறும்போது தொற்றாது. ஈரமும் காற்றும் இளஞ்சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வருகிறது. ஆகவே வாசலை மேடாக்கி மணலோ சரளையோ கொட்டி நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது மருந்தைவிட முக்கியம். நாடாப்புழுவோ எறும்பு, வண்டு போன்றவற்றின் வழியாகப் பரவுகிறது. பூச்சி தின்னும் கோழி அதையும் சேர்த்துத் தின்கிறது. தோட்டத்தை மூன்று நான்கு பாத்திகளாக வலையால் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றை வெயிலில் காயவிட வேண்டும். குடற்புழு நீக்கத்தையும் விடக்கூடாது.

எல்லாவற்றிலும் கொடியது வெள்ளைக்கழிச்சல். ஒரு வாரத்தில் மந்தையையே துடைத்துவிடும். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்து இல்லை. முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு, நான்காவது வாரத்தில் குடிநீரில் ஒருமுறை, எட்டாவது வாரத்தில் ஊசி என்பது நம் ஊர் வழக்கம். நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் கோடைத் தொடக்கத்தில் கூடை கூடையாகப் புதைக்கிறார்கள். பறவைக் காய்ச்சல் வேறு இருக்கிறது: 2021 நவம்பர் இறுதியிலிருந்து 2022 மே தொடக்கம் வரை பிரிட்டனில் திறந்தவெளிக் கோழிகளையும் உள்ளே அடைக்க அரசு உத்தரவிட வேண்டிவந்தது.

கறியில் வித்தியாசம் உண்டா? உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி வயதால் வருவது. நாள் கூடக் கூடத் தசையைச் சுற்றியுள்ள கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் இறுகுகின்றன. அதனால்தான் ஆறு மாதச் சேவலுக்கு நீண்ட வேக்காடு வேண்டும். அந்த வேக்காட்டில் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைவதால்தான் குழம்புக்கும் சாறுக்கும் அந்தக் கெட்டியும் வழுவழுப்பும் வருகின்றன. நடந்து திரிந்த காலின் கறி சற்றுச் சிவப்பாக இருக்கும். சளிக்கு மருந்து, மூட்டுக்கு மருந்து என்று விற்பவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை.

தீனிக் கணக்கில் பிராய்லரோடு போட்டியே போட முடியாது. அது ஒன்றே முக்கால் கிலோவுக்கும் குறைவான தீனியில் ஒரு கிலோ எடை போடுகிறது. மெதுவாக வளரும் கோழிக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். சிறுவிடை நாட்டுக்கோழி ஒரு கிலோவைத் தொட நாலைந்து மாதம் ஆகும். பல்லடத்தில் தினமும் அறிவிக்கும் பிராய்லர் விலைக்கு இதை விற்றால் கைக்காசு போகும். ஆகவே முதல் ஆண்டு ஐம்பது, நூறு குஞ்சுகளுக்கு மேல் இறங்க வேண்டாம். மரம் நடுவதைக் குஞ்சு வாங்குவதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிடுங்கள். வாங்குபவரைத் தேடி வைத்துக்கொண்டு வளருங்கள். கறி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வண்ண இறகுள்ள கலப்பினக் கோழியைக் கொட்டகையிலேயே அடைத்து வளர்த்து நாட்டுக்கோழி விலைக்குக் கொடுக்கும் கடைகள் நிறைய. 'நாட்டுக்கோழியா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எத்தனை நாள் வளர்ந்தது, பகலில் எங்கே நின்றது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.